ஆயிரம் அடிக்குக் கீழே: அப்பாவுடன் நீலகிரியில் ஐந்து நாள்

நாள் 1: மேட்டுப்பாளையம் – குன்னூர்

எங்கள் ஊர் திருச்செங்கோடு. போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போன ஊர். அப்பா அந்தத் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்தார். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் கூடவே போனவர். கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. இப்போது அறுபத்தாறு வயது.

பள்ளியில் புவியியல் ஆசிரியையாக எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் கேட்ட கேள்வி இது: "ஆயிரம் அடி வரைக்கும் நான் பார்த்துட்டேன் கண்ணு. அதுக்குக் கீழே என்ன இருக்குது?" மேலோடு, கவசம், கருவம் என்று வகுப்பில் சொல்வதையே சொன்னேன். அவர் திருப்திப்படவில்லை. "பேரைச் சொல்றே. கல்லைக் காட்டு" என்றார்.

பதினோரு வருடம் கழித்து இன்றுதான் கல்லைக் காட்டக் கூட்டி வந்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அப்பா கேட்டார்: "பூமிக்கு நடுவிலே போகணும்னா எத்தனை ராடு இறக்கணும்?" போர் போடுகிறவர்களுக்கு ஆழத்தின் அளவு ராடுதான். துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்புத் தண்டு அது. ஒரு ராடு 20 அடி. செல்போனில் கணக்குப் போட்டேன். பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 9 லட்சம் அடி. பத்தே கால் லட்சத்துக்கும் மேலே, கிட்டத்தட்ட பத்தரை லட்சம் ராடு. கண்டங்களுக்கு அடியில் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். அதைத் தாண்டவே ஆறாயிரத்துச் சொச்சம் ராடு வேண்டும். அப்புறம் 2,900 கிலோமீட்டர் வரை கவசம். அது நாலே முக்கால் லட்சம் ராடு. மீதியெல்லாம் இரும்பும் நிக்கலும் சேர்ந்த கருவம்.

"நாங்க போட்டது ஐம்பது ராடு" என்றார் அப்பா. அவர் குரலில் குறைபட்ட தொனி இல்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் குரல் அது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, 12 அடிக்கு ஓர் அடி என்கிற ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரை இந்தப் பாதை திறந்தபோது, பாறையை வெட்டி வெட்டித்தான் வழி விட்டிருக்கிறார்கள். பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் அந்த வெட்டு முகங்கள் ஈரமாக நகர்ந்து போகின்றன. மற்றவர்கள் அந்தப் பக்கப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றதும் இறங்கினார். பாட்டில் தண்ணீரைப் பாறையில் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்மூர்க் கல் இல்லை" என்றார்.

நாள் 2: குன்னூர்

இன்று தற்செயலாக நடந்தது ஒன்று. நான் போட்டு வைத்த திட்டத்தைவிட அது நன்றாக இருந்தது.

தங்கியிருந்த இடத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் தடுப்புச் சுவர் கட்டும் வேலை நடந்தது. ஒரு பெரியவர் பாறாங்கல்லில் வரிசையாகக் குழி போட்டு உளி செருகிக்கொண்டிருந்தார். அப்பா போய் நின்று, "ஏனுங்க, கல்லு பிளக்கற வாட்டம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். தொழில் தெரிந்த ஆள் என்று புரிந்துவிட்டது. இருவரும் பத்து நிமிடம் கல்லைப் பற்றியே பேசினார்கள். பிறகு அவர் சம்மட்டியை ஓங்கி உளிகள் மேல் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். நாலாவது சுற்றில் ‘டொக்’ என்ற சத்தம் கொஞ்சம் கம்மிப் போனது. ஐந்தாவதில் கல் இரண்டாகப் பிளந்தது.

அதன் உள்முகத்தை நான் குனிந்து பார்த்தேன். மேல் பரப்பு வெயிலிலும் மழையிலும் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. அந்தப் பழுப்பு ஒரு விரற்கடை ஆழம்தான். அதற்கு உள்ளே நீலமும் பச்சையும் கலந்த கருமை, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். உற்றுப் பார்த்தால் மிளகளவு செம்புள்ளிகள். அவை கார்னெட் மணிகள், நகைக்கடையில் கோமேதகம் என்று விற்கிறார்களே அதே இனம். அப்பா ஒரு சில்லை எடுத்து நாக்கால் ஈரம் பண்ணி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்தக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவுக்கு அடித்தளமிட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறை மேல் இருந்த பலகைக் கல்லைத் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் ஆராய்ந்தபோது வைத்த பெயர் அது. அந்தப் பலகை சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல். தமிழ்நாட்டுக் கல்லுக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. உடைக்கிறவர்களுக்கு எப்போதும் கருங்கல்தான்.

நான் அப்பாவுக்குக் காட்ட நினைத்தது இந்தக் கல்லைத்தான். நீலகிரியின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி வருடம் பழசு. அது இந்த உருவத்துக்கு வந்த இடம் மலை உச்சி இல்லை; மேலோட்டின் அடிப்பகுதி. 700 டிகிரிக்கு மேல் வெப்பம், தலைக்கு மேல் இருபது முப்பது கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை. அந்த அழுத்தத்தில்தான் இந்தத் தாதுக்கள் இப்படிச் சேரும். கார்னெட்டிலும் அதன் பக்கத்துத் தாதுக்களிலும் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அது எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில் உருவானது என்று கணக்கிடுகிறார்கள். அழுத்தம் தெரிந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

"அப்போ இது எத்தனை ராடுக் கல்?" என்றார் அப்பா.

25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நாலாயிரம் ராடு. மனிதர்கள் தோண்டியதிலேயே ஆழமான துளை ரஷ்யாவில் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-இல் ஆரம்பித்து 1989-இல் 12,262 மீட்டர் வரை போனார்கள். எதிர்பார்த்ததைவிடச் சூடு அதிகம், 180 டிகிரி. அதற்கு மேல் இறக்க முடியாமல் நிறுத்தினார்கள். நம் கணக்கில் அது இரண்டாயிரம் ராடு. குன்னூரில் சுவர் கட்டும் இந்தக் கல் அதைப்போல இரண்டு மடங்கு ஆழத்திலிருந்து வந்தது.

அப்பா சில்லைக் கீழே வைக்கவில்லை. "அப்புறம் எப்படி மேலே வந்துச்சு?"

இதற்கு அவர் தொழிலிலேயே பதில் இருந்தது. ராடு ஏற்றிய லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் அழுந்திக் கிடக்கும். ராடுகளை ஒவ்வொன்றாக இறக்க இறக்க லாரி மெல்ல நிமிரும். மேலோடும் கனமான கவசத்தின் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. மழையும் ஆறும் மேலே இருக்கும் பாறையை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது. பாரம் குறைய, அடியில் இருப்பது மெல்ல மேலே எழுகிறது. மறுபடி அரிப்பு, மறுபடி எழுச்சி. அதோடு நிலத்தட்டுகளின் மோதலும் விரிசல் வழியே ஏற்பட்ட உயர்வும் சேர்ந்து, கோடிக்கணக்கான வருடத்தில் அடிக்கல் தலைக்கல்லாகிவிட்டது.

கல் உடைத்த பெரியவர் பீடியைக் கையிலேயே வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அதாங்க இந்தக் கல்லு இம்புட்டுக் கனம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆழத்தில் இறுகிய கல் அடர்த்தியானது. ஒரு சில்லை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்.

நாள் 3: கோத்தகிரி – கோடநாடு

காலையில் கோத்தகிரிக்குப் பேருந்து, அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை. பனி விலகும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காத்திருந்தது வீண் போகவில்லை.

கால்களுக்குக் கீழே மலை செங்குத்தாக அறுந்து விழுகிறது. அடியில் மாயாறு வளைந்து வளைந்து போகிறது. பச்சைப் பொட்டாகத் தெங்குமரஹாடா, தொலைவில் பவானிசாகர் அணையின் நீர், எதிர்ப்பக்கம் மைசூர் மேட்டுநிலம். அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு ஏன் இங்கே, இப்படி நேராக இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாயாறு தனக்குப் பிடித்த வழியில் போகவில்லை. மேலோட்டில் மிகப் பழைய பிளவுப் பட்டை ஒன்று இங்கே ஓடுகிறது. பாறைகள் ஒன்றோடு ஒன்று உரசி, நசுங்கி, இழுபட்டுத் துணி மடிப்பு மாதிரி வரி வரியாகிப்போன பட்டை அது. நீலகிரிக்குத் தெற்கே பவானி ஆற்றை ஒட்டி இன்னொன்று. இரண்டும் கிழக்கே பவானிசாகர் பக்கம் நெருங்குகின்றன. நடுவில் ஆப்பு மாதிரி நிற்பதுதான் நீலகிரி. நசுங்கிய கல் சீக்கிரம் அரியும். ஆறு அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. நீலகிரியின் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே வர வர, கல் உருவான ஆழம் கூடிக்கொண்டே வருகிறது. இந்தப் பக்கத்துப் பாறைகள் முப்பது கிலோமீட்டருக்கும் கீழே இருந்தவை. அதாவது, குன்னூரிலிருந்து பேருந்தில் இங்கே வந்ததில் நாங்கள் பழைய பூமிக்குள் இன்னும் பல நூறு ராடு இறங்கியிருக்கிறோம். இதைச் சொன்னபோது அப்பா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

தட்டுகளைப் பற்றி அங்கேதான் பேசினோம். மேலோடும் அதோடு ஒட்டிய கவசத்தின் மேல் பகுதியும் சேர்ந்து துண்டு துண்டாக உடைந்து கிடக்கின்றன. அந்தத் துண்டுகள்தான் நிலத்தட்டுகள். கீழே கவசம் கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் மாணவர்கள் பரீட்சையில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கவசம் பெரும்பாலும் கட்டியான கல்தான். கோடையில் மூட்டையில் அடுக்கிய வெல்லம் உருகாமலே அடி அச்சு சப்பையாகிப் பக்கவாட்டில் நகரும் இல்லையா, அதுபோலச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக இருந்துகொண்டே மெதுவாக நகர்கிறது. சூடானது மேலே வருகிறது, ஆறியது கீழே போகிறது. கடல் தட்டின் ஆறிக் கனத்த விளிம்பு கவசத்துக்குள் அமிழும்போது, தட்டு முழுவதையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது.

நாம் நிற்கும் தட்டு ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சார்னோக்கைட் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் கிடைப்பது அந்தப் பழைய சொந்தத்தின் அடையாளம். மடகாஸ்கர் பிரிந்து ஏறத்தாழ 8.8 கோடி வருடம். அப்புறம் இந்தியா வடக்கே ஓடத் தொடங்கியது. வேகமாகப் போன காலத்தில் வருடத்துக்குப் பதினாறு சென்டிமீட்டருக்கும் மேல்.

"பதினாறரை சென்டிமீட்டர்னா ஆறரை இஞ்ச் பிட்" என்றார் அப்பா உடனே. ஆறரை இஞ்ச் பிட்டில்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் துளை போட்டார். வருடத்துக்கு ஒரு துளையின் அகலம்! அந்த வேகத்தில் வந்து, சுமார் 5 கோடி வருடத்துக்கு முன் ஆசியாவில் மோதியதில் இமயமலை எழுந்தது. இப்போது வருடத்துக்கு 5 சென்டிமீட்டர்தான், ஆனால் நிற்கவில்லை. அப்பா பிறந்ததிலிருந்து இந்தியா பதினோரு அடி நகர்ந்திருக்கிறது. அரை ராடு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1993 செப்டம்பர். நான் பிறந்து மூன்று மாதம். வண்டி மகாராஷ்டிராவில், சோலாப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நின்றது. விநாயகரைக் கரைத்துவிட்டு ஊரே அசந்து தூங்கிய இரவு. இவர்கள் ராடு லாரியின் மேலேயே படுத்திருந்தார்கள். விடிய நாலு மணி இருக்கும், அடுக்கிய ராடுகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம். "ராடு திருடறாங்கன்னு எந்திரிச்சேன். யாரும் இல்லை. லாரி மட்டும் ஆடுது. கையை வண்டி மேலே வச்சேன், தரைக்கு அடியிலே கம்ப்ரஸர் ஓடற மாதிரி இருந்துச்சு." விடிந்த பிறகுதான் லாத்தூர் பக்கம் கில்லாரியும் சுற்று வட்டாரமும் தரைமட்டமான சேதி வந்தது. கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர் போனார்கள். மண்ணில் கட்டிய கனத்த கல் சுவர்கள், தூங்கியவர்கள் மேலேயே விழுந்தன. இரண்டு நாள் இவர்கள் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள்.

"அது ஏன் அங்கே வந்துச்சு? இமயமலை எங்கேயோ இருக்குது" என்று முப்பது வருடத்துக்கு மேல் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

தட்டின் விளிம்பில் மோதல் நடக்கும்போது, நெருக்கடி தட்டு முழுவதும் பரவுகிறது அப்பா என்றேன். உள்ளே எங்கே பழைய விரிசல் இருக்கிறதோ அங்கே மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் தாங்காமல் விடுகிறது. லாத்தூர் விளிம்பிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும் நடந்தது. நம் கோயம்புத்தூரிலும் 1900 பிப்ரவரி 8-இல் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. இங்கே அடிக்கடி வராது. வரவே வராது என்று சொல்ல முடியாது. அதனால்தான் சுவரை எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம்.

அப்பா மாயாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் 4: தொட்டபெட்டா

2,637 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம். ஒன்றும் தெரியவில்லை. முழுக்க மூடுபனி, நல்ல கூட்டம், வேகவைத்த கடலை. மதியத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது, ஊட்டி அறைக்குத் திரும்பிவிட்டோம்.

மழை நல்லதுக்குத்தான் வந்தது. முப்பது கிலோமீட்டர்க் கல்லைக் காட்டியாயிற்று, அதற்கும் கீழே இருப்பதை யார் பார்த்தது என்று அப்பா விடவில்லை. நான் திருப்பிக் கேட்டேன்: "போர் போடும்போது கல் மாறினால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" தூசியின் நிறத்தில் தெரியும் என்றார். ஆனால் தூசி மேலே வருவதற்கு முன்பே சத்தத்தில் தெரிந்துவிடுமாம். ஹேமர் அடி கெட்டிக் கல்லில் ஒரு மாதிரி, வெடிப்பில் ஒரு மாதிரி, தண்ணீர்க் கண்ணில் வேறு மாதிரி. காது மந்தமான பிறகு கையை வண்டியின் சட்டத்தில் வைத்தே சொல்லியிருக்கிறார்.

பூமிக்குள்ளே பார்த்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். 1897-இல் அசாமில் பெரும் நிலநடுக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். தொலைவிலிருந்த கருவிகளின் பதிவுகளில் முதலில் வரும் அலை, அடுத்து வரும் அலை என்று தனித்தனியாக அடையாளம் கண்டார். முதல் அலை திடம், திரவம் இரண்டிலும் போகும். இரண்டாவது அலை திரவத்துக்குள் போகாது. அலைகள் எங்கே தாமதிக்கின்றன, எங்கே வளைகின்றன என்று பார்த்து, நடுவில் வேறு ஒரு பொருள் இருக்கிறது என்று 1906-இல் காட்டினார். 1909-இல் குரோஷிய ஆய்வாளர் மோஹோரோவிசிச் மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். கருவத்தின் வெளிப்பகுதி திரவ இரும்பு என்பது பிறகு உறுதியானது. அந்தத் திரவத்துக்கும் நடுவில் இன்னொரு கரு இருக்கிறது என்று 1936-இல் சொன்னவர் இங்கெ லேமான் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணி. அவர் கையில் இருந்தவை உலகின் மறுபக்கத்தில் பதிவான சில மெல்லிய அலைகள் மட்டும்தான். அந்த உட்கரு திடமானது, 5,150 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறது. சூடு ஐயாயிரம் டிகிரிக்கும் மேல், ஆனால் அழுத்தம் உருக விடுவதில்லை.

அப்பா மேசைமேல் குன்னூர்ச் சில்லை வைத்து, சாவியால் தட்டி, மேசையின் மறுமுனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். தெரிந்தது.

நாள் 5: ஊட்டி – மேட்டுப்பாளையம்

குன்னூர் வழியாகப் பேருந்தில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. சாலை வெட்டிய இடங்களில் எல்லாம் சிவந்த மண் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. அந்த மண்ணும் ஒரு காலத்தில் சார்னோக்கைட்தான். மழை ஊறி ஊறி, இரும்பு துருப்பிடித்து, கல் உளுத்து மண்ணாகிவிட்டது. நடுவில் உளுக்காத உருண்டைப் பாறைகள் பழத்துக்குள் கொட்டை மாதிரி நிற்கின்றன. அடை மழையில் மண் ஊறிக் கனக்கும்போது கெட்டிப் பாறையின் மேல் அப்படியே வழுக்குகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட சரிவுகள்தான். மரப்பாலம் தாண்டும்போது, சரிவை நிமிர வெட்டி அதன் காலடியில் வீடு கட்டியிருந்த ஓரிடத்தைப் பார்த்து அப்பா, "கேசிங் இல்லாம மண்ணிலே போர் போட்ட மாதிரி இருக்குது" என்றார். துளைக்குள் மண் சரியாமல் இருக்க இறக்கும் குழாய்தான் கேசிங். நானும் அதையே நினைத்தேன், ஆனால் அவ்வளவு சரியாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

பர்லியாறு பக்கம் வந்தபோது கடைசிக் கேள்வி வந்தது. முதல் நாளிலிருந்தே இதைத்தான் கேட்க நினைத்திருக்கிறார் போலிருக்கிறது.

"அத்தனை ஆழத்திலே தண்ணி இருக்குதா கண்ணு?"

இருக்கிறது என்றேன். 2014-இல் ஒரு ஆய்வு வெளியானது. பிரேசிலில் கிடைத்த சிறு வைரம் ஒன்றின் உள்ளே ரிங்வுடைட் என்ற தாது சிக்கியிருந்தது. அது கவசத்தில் 410 முதல் 660 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியைச் சேர்ந்தது. அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் தண்ணீர். ஊற்றாகவோ ஓடையாகவோ இல்லை. கல்லின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. கடல் தட்டுகள் அமிழும்போது கொண்டுபோகும் தண்ணீரில் ஒரு பங்கு அப்படி உள்ளே போய்ச் சேர்கிறது.

"கல்லுக்குள்ளேயே தண்ணி" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "410 கிலோமீட்டர்னா எத்தனை ராடு?"

அறுபத்தேழாயிரத்துச் சொச்சம் என்றேன். தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து சில்லை எடுத்தார். குன்னூரில் ஈரம் பண்ணிப் பார்த்தது போலவே நாக்கால் தொட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேட்டுப்பாளையம் வரும் வரை பார்த்துக்கொண்டு வந்தார்.